பஞ்சைத் தேடுகிறாள்

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, என் ஓரகத்தி கத்தரி நுனியால் போர்வையின் ஓரத்தைப் பிரிக்கிறாள். அவள் மகளுக்காக நான் ஒரு மாதம் உட்கார்ந்து, துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. ஒவ்வொரு தையலும் ‘டக்’கென்று அறுகிறது. “உள்ள பஞ்சையே காணோமே?” என்கிறாள். “பஞ்சு வைக்கலக்கா. அடியில இருக்கிற ஃபிளீஸ் துணியே புசுபுசுன்னு இருக்கே, அதுவே போதும். துவைச்சா பஞ்சு மாதிரி கட்டி தட்டாது.” “பஞ்சு இல்லாம எப்படிக் குளிர் தாங்கும்? யார் காதுல பூ சுத்துற?” இன்னும் ஒரு சாண் பிரிகிறது. விரலை உள்ளே விட்டு மூலைவரை துழாவுகிறாள், நான் எதையோ திருடி ஒளித்துவிட்ட மாதிரி. ஜன்னல் இடுக்கில் காற்று சீறுகிறது. அவள் பிரிக்காத பாதியை இழுத்து, ஃபிளீஸ் பக்கம் உடம்பில் படும்படி இடுப்புவரை போர்த்திக்கொள்கிறாள். பாதங்களையும் அதற்குள் செருகிக்கொண்டு, மறுபடி கத்தரியை எடுக்கிறாள். நான் எழுந்துபோய்ப் போர்வையின் மறுமுனையைப் பிடிக்கிறேன்.

“அக்கா, முதல்ல காலை வெளிய எடுங்க.”