அமைச்சரின் இருமல்

இருபது வருடம் டிவியில் அமைச்சரைப் போலவே பேசி அவரைக் கிழித்தவர் தணிகைமணி. அசலைவிட அவருடைய நக்கலுக்குத்தான் கைதட்டல் அதிகம் என்று, அமைச்சர் அலுவலகத்தில் மனு வாங்கும் இயந்திரத்துக்கு அந்தப் பேச்சையே ஊட்டிவிட்டார்கள்.

மனைவி செண்பகத்தின் டயாலிசிஸுக்கு உதவி கேட்கும் மனுவை அதனிடமே காட்டினார் தணிகைமணி. திரையில் அமைச்சர் முகம் செல்லமாக இருமியது. அது தணிகைமணி கண்டுபிடித்த இருமல்.

"மனு பிரமாதம்! ஃப்ரேம் போட்டு மாட்டிடுறோம்."

தள்ளுபடி என்று சீட்டு வந்து விழுந்தது. பின்னால் நின்ற வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது, அவர் அன்று டிவிக்கு எழுதிய அதே வசனத்துக்கு.

"வெட்கங்கெட்ட ஜென்மங்க!" என்று திரும்பினார்.

வீங்கிய காலோடு நின்ற செண்பகமும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "கோவிச்சுக்காதீங்க. உங்க ஜோக்காச்சே, அடக்க முடியல."

அவருக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. யார் முகத்தில் என்றுதான் தெரியவில்லை.