எல்லை தாண்டினால் கழற்றலாம்

நியூ ஹாம்ப்ஷயர் எல்லைப் பலகையைத் தாண்டியதும் வரும் பெட்ரோல் பங்க்கில் எல்லா பைக்கும் நிற்கும். பெட்ரோல் போடுகிறவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றத்தான் நிற்பார்கள்.

பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் ஹெல்மெட் இல்லையென்றால் போலீஸ் பிடிக்கும். எங்கள் மாநிலத்தில் பதினெட்டு வயதாகிவிட்டால் எவனும் கேட்க முடியாது. உன் தலை, உன் பாடு. நம்பர் பிளேட்டிலேயே அடித்து வைத்திருக்கிறோம்: 'சுதந்திரமாக வாழ், இல்லையென்றால் செத்துப்போ.'

படிக்கும்போதே நெஞ்சு நிமிரும். எனக்கும்தான். இந்த மண்ணில் பிறந்தவள், பொய் சொல்ல மாட்டேன்.

என் மகன் ரெமிக்குப் போன வாரம்தான் பதினெட்டு முடிந்தது. மாசசூசெட்ஸில் அக்கா வீட்டு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன் ஒரு பைக்கில், நான் ஒன்றில், குடும்ப நண்பன் வெர்ன் ஒன்றில். வழி நெடுக எனக்கு ஒரே வேண்டுதல்தான். பங்க்கில் நிற்காமல் போய்விடடா.

நின்றான்.

வெர்ன் தன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வழுக்கையைத் தடவிக்கொண்டான். ரெமிக்கு இதுதான் முதல் தடவை என்று கேள்விப்பட்டு, யாரென்றே தெரியாத பைக்காரர்களெல்லாம் கை தட்டினார்கள்.

"கழட்டுடா மாப்ள. இனி நீயும் நம்மாளு," என்ற வெர்ன் என் பக்கம் திரும்பினான். "என்ன டோரீன், நீ இன்னும் கழட்டல? அக்கா வீட்டுல ஒரு வேளை சாப்பிட்டதுமே அந்த ஊர்க்காரி ஆயிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வருஷக்கணக்காக இதே இடத்தில் முதல் ஆளாகக் கழற்றுகிறவள் நான்தான். போட்டுக்கொண்டே போகிறவர்களைப் பார்த்து 'தலைல சட்டி போகுது பார்' என்று கத்தினவளும் நான்தான்.

ரெமி சிரிக்கவில்லை.

"அம்மா, நீ சொல்லு. போட்டுக்கவா, வேணாமா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. போட்டுக்கோடா, என் கண்ணு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பான்.

வெர்ன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வார்த்தையைச் சொன்னால், ரெமியின் அப்பாவைப் பற்றி அடக்கத்தன்று சர்ச்சில் நான் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும். கேஸ்டன் சுதந்திரமாக வாழ்ந்தான், சுதந்திரமாகவே போனான் என்று பேசினேன். ஊரே எழுந்து நின்றது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இதுவரைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"உன் இஷ்டம்டா," என்றேன். என்னுடையதையும் கழற்றினேன்.

ரெமி கழற்றினான். முடியைக் கோதிவிட்டுக்கொண்டபோது அப்படியே கேஸ்டன். ஹெல்மெட்டைப் பின்சீட்டில் வைத்து, வாரை இரண்டு சுற்று சுற்றி இறுக்கினான். அதுவும் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

மூன்று பைக்கும் கிளம்பின. நான் அவனுக்குப் பின்னால் போனேன். வீடு வரைக்கும் அந்த ஹெல்மெட் என் கண் முன்னாலேயே இருந்தது.

அது கேஸ்டனுடையது. மலை வளைவில் லாரி அடித்த அன்று, போலீஸ்காரர் அதைப் பின்சீட்டிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

ஒரு கீறல்கூட இல்லை.