மேலகரம் தாண்டாத வண்டி

“பேட்டரிய மாத்தக் கூடாது. சொல்லிட்டேன்.”

அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள் ஜெயபிரியா. லோடு ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த சாக்குப்பையை எபனேசர் சுவர் ஓரமாக வைத்தான். உள்ளே பேட்டரி கனமாக உட்கார்ந்தது.

“கடைக்காரர் ஓட்டிப் பாக்கத்தான் தந்திருக்காரு. ஒங்க அப்பா வண்டிக்கு அப்படியே பொருந்துமாம். பழச எடுத்துட்டு இத வச்சுட்டா அவருக்குத் தெரியவா போவுது?”

“தெரியும்.”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போட்டும். சித்திர வெயில்ல குத்தாலத்துலேருந்து பாதி தூரம் தள்ளிட்டு வாராரு. பாவமா இல்லையாட்டி ஒனக்கு?”

“என்னய வீட்ட விட்டே தள்ளுனவருதான? வண்டியயும் தள்ளட்டும்.”

எபனேசருக்குச் சுருக்கென்றது. இவ்வளவு கல்நெஞ்சு இவளுக்கு எங்கிருந்து வந்தது?

கீழப்பாவூர் மந்திரமூர்த்தி கொத்தனார் சொன்ன சொல் மாறாத மனுஷன். மகள் ஜெயபிரியா சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையன் எபனேசரைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, “ஒன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், ஒன் கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்” என்றார். அதற்குப் பிறகு குற்றாலத்து லாட்ஜ் வேலைக்கு இவர்கள் குடியிருக்கும் மேலகரம் வழியாகத்தான் போய்வந்தார். இந்த வீட்டுப் பக்கம் ஒரு நாளும் தலை திரும்பியதில்லை.

பழைய பெட்ரோல் வண்டியைக் கழித்துவிட்டுப் பேட்டரி வண்டி வாங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. மார்கழியில் ஒரு சாயங்காலம் வண்டி இவர்கள் வாசலுக்கு முன்னால் நின்றுபோயிற்று. இன்னும் ஊர் போய்ச் சேர வேண்டும். “குளிருக்குச் சார்ஜ் நிக்கல” என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். ஜெயபிரியா ஒரு வார்த்தை பேசாமல் போய், சீட்டுக்கு அடியிலிருந்த பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தாள். சார்ஜ் ஏறுகிற வரைக்கும் அவர் எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது இதே கதைதான். குளிர் போய் வெயில் வந்தது. இப்போது வெயிலுக்கு நிற்கவில்லை. வேலை முடிந்து இருட்டிய பிறகு வரும் எபனேசர் இதையெல்லாம் பாலம்மாள் சொல்லிக் கேட்டதோடு சரி. பக்கத்து வீட்டுப் பாலம்மாளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒன்றும் நடக்காது. இன்றைக்குத்தான் லோடு இல்லாமல் சீக்கிரம் வந்திருந்தான்.

“வயசு அறுவது ஆவப்போவுது. ரோட்டுல மயங்கி விழுந்தாருன்னா, அப்புறம் அழுது பிரயோசனமில்ல.”

நறுக்கிய காயைச் சட்டியில் தள்ளினாள். “விழ மாட்டாரு” என்றாள்.

வண்டி வந்த சத்தமே கேட்கவில்லை. பாலம்மாளின் குரல்தான் கேட்டது.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் படுத்துட்டா? மார்கழியில குளிருங்கீக, சித்திரையில வெயிலுங்கீக. புது மாப்பிளைய விட ஒங்க வண்டிக்குல்லா பக்குவம் பாக்க வேண்டியிருக்கு!”

“எந்த நாட்டுச் சாமானோ தாயி! நம்மூரு வெயிலு அதுக்குத் தாங்குமா?”

ஜெயபிரியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். மந்திரமூர்த்தி வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றார். மகள் குனிந்து பேட்டரியைக் கழற்றும்போது அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைச் சுமந்துகொண்டு உள்ளே போனாள்.

எபனேசர் செம்பில் தண்ணீரோடு போனான்.

“மாமா, தண்ணி குடிங்க.”

“இருக்கட்டும் தம்பி.” தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தார். சிமெண்ட் அப்பிய முகத்தில் வேர்வை கோடு கோடாய் இறங்கியிருந்தது.

“ரொம்ப தூரம் தள்ளிட்டு வந்தீகளோ?”

“ம்.”

அவர் துண்டை விரித்து மரத்தடியில் உட்கார்ந்தார். உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு ‘யப்பாடி’ என்றார். எபனேசருக்கு மனசு கேட்கவில்லை. அப்பனும் மகளும் வீம்பு பிடிக்கட்டும். அதற்கு ஒரு உயிர் வெயிலில் கிடந்து வேக வேண்டுமா? அவள் என்ன சொன்னாலும் சரி, இன்றைக்கு மாற்றியே தீர்வது என்று சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான்.

ஜெயபிரியா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பேட்டரி மடியில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சார்ஜர் ஒயர் சுவரில் ஆணியில் சுருட்டியபடியே தொங்கியது.

எபனேசருக்குக் கோபம் தலைக்கேறியது.

“சார்ஜே போடலையா நீ? அந்த மனுசன் அங்கன காத்துக் கெடக்காரு. இப்படியாட்டி பழி வாங்குவ, பெத்த தகப்பன?”

அவள் நிமிரவில்லை. பேட்டரியின் பக்கவாட்டில் இருந்த பொத்தானை அமுக்கினாள். நான்கு பச்சை விளக்குகளில் மூன்று எரிந்தன.

“கீழப்பாவூருக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற அளவு சார்ஜ் இதுல இருக்கு” என்றாள். “மார்கழியில, மொத நாளும் இருந்துச்சு.”

வெளியிலிருந்து குரல் வந்தது. “தம்பி, ஏறிட்டா?”

எபனேசர் சாக்குப்பையைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினான்.

“இல்ல மாமா. வெயிலுல்லா, இன்னும் ஒரு மணி நேரமாவது ஆவும்.”