இருமுகிறவருக்கு ஓட்டு இல்லை

லிஃப்ட்டில் இருமிய குற்றத்துக்காக மூன்றாம் மாடிக்காரர் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவதா என்று ஓட்டெடுக்கக் குடியிருப்போர் சங்கம் கூடியது. எங்கள் சங்கத்தில் ஓட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிர்த்துச் சொல்ல அவர் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து, இருமினார்.

"இருமுறவங்களுக்கு ஓட்டு கிடையாது சார். வீட்டுக்குப் போய் போன்ல கேளுங்க," என்றார் செயலாளர்.

"இருமல் நின்னா?"

"முதல்ல நிக்கட்டும். கிளம்புங்க."

அவர் போனதும் கதவைச் சாத்தினோம். காலி நாற்காலி தொடர்ந்து இருமியது.

போனில் அவர் குரல் கணீரென்று வந்தது. "எனக்கு நின்னுடுச்சு சார். தண்ணி வேணும். என் ஓட்டு அதுதான். நீங்க நடத்துங்க."

இருமல் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தது. பொருளாளர் இருமி, ஓட்டை இழந்தார். அடுத்து அவர் மனைவி. அப்படியே வரிசையாக எல்லோரும். கடைசியில் செயலாளர் மட்டும் மிச்சம்.

"உங்க ஓட்டைச் சொல்லுங்க சார்," என்றது போன்.

செயலாளர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.