கூழைக்கடாவுக்குப் பரீட்சை

பறவைகள் தனியாகப் பறக்க யாரையும் கேட்க வேண்டாம், சவாரி ஏற்றிப் பறக்கத்தான் லைசென்ஸ் வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. நம்பாதவர்கள் எந்தப் பருந்தையாவது நிறுத்தி விசாரித்துக்கொள்ளலாம்.

அப்போது ஒரு கூழைக்கடா பரீட்சைக்கு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை தோற்ற ஆள். இந்த முறையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது. அதன் முதுகில் ஓர் அணிலை ஏற்றிவிட்டு, பரீட்சை அதிகாரியான பருந்து பக்கத்திலேயே பறந்து வந்தது.

"மேகம் தின்னா இனிக்குமா அண்ணே?" என்று அணில் கேட்டது.

"பேசாம உட்காரு தம்பி. பரீட்சை நடக்குது."

நடுவானத்தில் பருந்து திடீரென்று, "உன் இறக்கை நின்னுபோச்சு. எங்கே இறங்குவே?" என்றது.

"நல்லாத்தானே அடிக்குது, ஐயா?"

"நின்னுபோச்சுன்னு வெச்சுக்கோ."

கூழைக்கடா இறக்கையை அசைக்காமல் விரித்தபடி கீழே சரிந்தது. நேர் கீழே பளபளவென்று ஓர் ஏரி. பிறந்ததிலிருந்து இறங்கிப் பழகிய இடம். முகமெல்லாம் சிரிப்பாக அதை நோக்கித் திரும்பியது.

"அண்ணே, ஒரு சந்தேகம்," என்றது அணில். "தண்ணியில நீங்க மிதப்பீங்க. நான்?"

கூழைக்கடா கடைசி நொடியில் ஒடித்துத் திரும்பி, கரையோரம் உழுது போட்டிருந்த வயலில் விழுந்து, உருண்டு, அலகு நிறைய மண்ணோடு எழுந்தது.

"போச்சு! இவ்வளவு கேவலமா நான் இறங்கினதே இல்லை, ஐயா," என்று அழாத குறையாகச் சொன்னது.

பருந்து அணிலைப் பார்த்து, "அடிகிடி பட்டுதா?" என்று கேட்டது.

அணில் வாலைத் தட்டிவிட்டுக்கொண்டது. "இல்லீங்க. திரும்பிப் போறப்பவும் இவர்தானே ஓட்டுவார்?"

"இனிமே எப்பவும் இவர்தான். ஏறிக்கோ," என்றது பருந்து.