கரண்டியை ஏன் கீழே வைத்தார்?

"மறுபடியும் போனா?"

மாரிஸ் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டார். கீழே ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி லூசி, ஒரு விரலை மட்டும் காட்டினாள். ஒரு நிமிஷமாம். லூசியின் ஒரு நிமிஷத்தில் ஒரு முழுப் பூசையே முடிந்துவிடும்.

கிள்ளான் நகரத்து வீட்டில் இருப்பது ஒரே டெலிபோன் லைன். அவள் பேசினால் அவர் இன்டர்நெட்டுக்குள் போக முடியாது.

1999-இல், தலை நரைத்த பிறகு, மாரிஸுக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் வாய்த்திருந்தது. மகள் உர்சுலா செய்து கொடுத்தது. பெயர், 'மறக்க முடியாத வேடங்கள்'. சினிமாவில் யார் எந்த வேடத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று வாரம் ஒரு கட்டுரை. எழுதி மகள் கையில் கொடுப்பதோடு சரி. வெளிவந்ததைத் திரும்பப் பார்க்க மாட்டார். பார்த்தால், 'இதெல்லாம் ஒரு எழுத்தா?' என்று மனசு குடைய ஆரம்பித்துவிடும்.

ஆனால், யார் யார் என்னத்தைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் பக்கத்தை மட்டும் தினமும் திறப்பார். திறந்து நொந்துபோவார்.

போலீஸ் வேடத்தைப் பற்றி உருகி எழுதினால், 'டிராபிக் சம்மன் அபராதத்தைக் குறைப்பது எப்படி' என்று தேடியவன் வந்து நிற்பான். இரட்டை வேடக் கட்டுரைக்கு, இரட்டைக் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள். டாக்டர் வேடத்துக்கு மூட்டுவலிக்காரர்கள்.

சமையல்காரர் வேடம்தான் உச்சம். பெற்ற மகளின் கல்யாணத்தில் யாரோ போலப் பந்தி பரிமாறிவிட்டு, கடைசியில் கரண்டியைக் கீழே வைக்கும் அப்பா. அந்தக் காட்சிக்காக மாரிஸ் ராத்திரி ராத்திரியாக முழித்து எழுதினார். நடுவில், போகிற போக்கில் 'நண்டுப் பிரட்டல்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஊரே நண்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது!

"நான் எழுதினது ஒரு அப்பனோட மனச. இவங்களுக்கு வேண்டியது நண்டு!"

"வர்றாங்கல்ல டேடி, விடுங்க லா," என்றாள் உர்சுலா.

"வழி தப்பி வர்றவன் வாசகனா? யாருக்கும் வேண்டாத எழுத்து எதுக்கு? இந்த மாசத்தோட மூடிடு."

சாப்பாட்டு மேசையில் லூசி தலை நிமிரவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. வருகிறவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகும் கெஸ்ட் புக்கில் ஷா ஆலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'சார், கரண்டியைக் கீழே வைத்த இடத்தில் அழுதுவிட்டேன்.' அடுத்து பூச்சோங்கிலிருந்து ஒரு பெண்: 'மகள் சாப்பிட்டு எழுந்த பிறகு அந்தக் கைக்கு வேறு வேலை ஏது! இரண்டாவது தடவை படித்தபோதுதான் புரிந்தது.' அப்புறம் சுங்கை பூலோ. எல்லாரும் கரண்டி, கரண்டி என்றே எழுதினார்கள்.

மாரிஸின் கால் தரையில் நிற்கவில்லை. குளிக்கும்போது பாடினார். பக்கத்து வீட்டுத் தம்புசாமியை வலியப் போய் நலம் விசாரித்தார்.

"என்ன டேடி, மூடிடட்டுமா?"

"உதை வாங்குவே!"

உர்சுலா ஏனோ அம்மாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இன்றைக்கும் யாராவது எழுதியிருப்பார்கள். பார்க்கத்தான் வழியில்லை. போன்!

"லூசி! ஊரே என் எழுத்தைப் படிச்சு அழுவுது. நீ யார்கூட இப்படி மணிக்கணக்கா அரட்டை அடிக்கிறே? பாசார்ல பேசினது பத்தலையா?"

"கத்தாதீங்க, பிரஷர் ஏறும். இதோ வெச்சிடறேன்."

"புருஷன் எழுதினத நாலு பேரப் படிக்க வைக்கத் துப்பில்ல. வாய் மட்டும் கிள்ளான் துறைமுகம், மூடுறதே இல்ல!"

விறுவிறுவென்று மேலே போனார். அதே லைனில் மாடியில் இருந்த இன்னொரு போனை எடுத்தார். நடுவில் புகுந்து ஒரு அதட்டு அதட்டினால் அந்தப் பக்கம் இருப்பவள் இந்த ஜென்மத்துக்குக் கூப்பிட மாட்டாள்.

"பக்கத்தோட அடியில உங்க நம்பர் இருந்துச்சு ஆன்டி," என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். "'நண்டுப் பிரட்டல் தேடி வந்தீங்களா? லூசி ஆன்டியைக் கூப்பிடுங்க'ன்னு. மத்தியானம் மாமியார் வர்றாங்க. மசாலா மட்டும் சொல்லிடுங்க, ப்ளீஸ்!"

அதட்டத் திறந்த மாரிஸின் வாய் திறந்தபடியே நின்றது. அப்படியானால் இவ்வளவு கூட்டமும் நண்டுக்குத்தானா? ஒருத்தர்கூட எனக்காக வரவில்லையா?

"சொல்றேன்மா. அதுக்கு முன்னாடி நீ சொல்லு," என்றாள் லூசி. பரீட்சை வைக்கும் டீச்சரின் குரல். "கடைசியில அவர் கரண்டியை ஏன் கீழே வெச்சார்?"

"எந்தக் கரண்டி ஆன்டி?"

"அப்போ மேலே இருக்கிறதை நீ படிக்கல. போய் முழுசாப் படி. அழுகை வந்தா அழு. வரலைன்னா பரவாயில்ல. ஆனா படிச்சிட்டுக் கூப்பிடு. அங்கிள் எழுதினதப் படிக்காதவங்களுக்கு இந்த வீட்டில நண்டு கிடையாது!"