மெதுவாக ஏறும் சார்ஜர்

"இருக்கிறதுலயே ரொம்ப மெதுவா ஏறுற சார்ஜர் எது தம்பி?"

தனேஷுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஈப்போவில் போன் கடை போட்ட நாளாக இப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் கலாதேவிதான்.

"மெதுவாவா? யாருக்குக்கா?"

"வீட்டுக்காரருக்கு. வாடகைக் கார் ஓட்டுறாரு, புக்கிங் எல்லாம் போன்லதான். ஒயர் சொருகுற இடம் ரோசாக் ஆயிருச்சு, சொருகினா ஏற மாட்டேங்குது. ரிப்பேருக்குக் குடுத்துட்டு ஒரு நாள் சும்மா இருக்க மாட்டாரு. ஒயர் இல்லாம மேல வச்சா ஏறுமே, அது வேணும்."

"அப்ப இதைப் பாருங்க. கார்ல மாட்டுறது. ஓட்டிக்கிட்டே ஏத்திக்கலாம். சீக்கிரமும் ஏறிரும்லா."

"அதைத்தான் வாங்கிட்டு வரச் சொன்னாரு. அது வேணாம்."

பக்கத்தில் நின்ற புஷ்பலதா நிமிர்ந்தார். தம் பட்டன் போனுக்குப் புது பேட்டரி போட்டு வாங்கிக்கொண்டு எப்போதோ கிளம்பியிருக்க வேண்டியவர். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"காசைப் பாக்காதம்மா. பாவம், ஓடி ஓடி உழைக்கிற மனுஷன். நல்லதா வாங்கிக் குடு."

"ரெண்டும் ஒரே விலைதான்க்கா" என்றான் தனேஷ். தட்டையான பழைய மாடல் ஒன்றை எடுத்து வைத்தான். "இது முழுசா ஏற மூணு மணி நேரம் ஆகும். பொய் சொல்லி விக்கிற பழக்கம் எனக்கு இல்ல, முன்னாடியே சொல்லிட்டேன்."

"ஏறுறப்ப கையில எடுத்துப் பேசலாமா?"

"எடுத்தா ஏறாது. வச்ச இடத்துலயே கிடக்கணும்."

கலாதேவியின் முகம் மலர்ந்தது. "இதையே போடுங்க."

புஷ்பலதாவுக்குப் பொறுக்கவில்லை. தனேஷுக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு, கடைக்கே கேட்கும்படி சொன்னார். "நல்ல பொண்டாட்டி! சம்பாதிக்கிறவன் கையைக் கட்டிப் போடுறா."

கலாதேவி திரும்பினார். கோபம் இல்லை. கண்தான் கலங்கியிருந்தது.

"கட்டிப் போடத்தான்க்கா வாங்குறேன். போன வாரம் கோலா கங்சார் ரோட்டுல ஸ்டேரிங்கைப் பிடிச்சபடியே தூங்கிட்டாரு. பின் சீட்டுல இருந்தவங்க கத்தினதால உசுரோட வந்தாரு. வீட்டுல உட்காந்து சாப்புடுறதே இல்ல. சோத்தையும் பொட்டலமா தாபாவ் பண்ணி கார்லதான் திங்கிறாரு. போன் கூப்புடக் கூப்புட ஓடுறாரு. அது மூணு மணி நேரம் படுத்துக் கிடந்தாத்தான் இவரும் படுப்பாரு."

தனேஷ் அந்தத் தட்டையான சார்ஜரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

"நடுவுல எடுத்துட்டு ஓடிட்டா என்ன செய்றதுன்னுதான் தெரியல" என்றார் கலாதேவி, தனக்குத்தானே.

வெளியே ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கலாதேவியின் வீட்டுக்காரர் கார்த்திகேசுவே உள்ளே வந்துவிட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன கலா இவ்வளவு நேரம்? காரை ரோட்டோரமா நிறுத்தியிருக்கேன், சம்மன் வந்துரும்லா. கார்ல மாட்டுறதுதானே எடுத்த?"

கலாதேவி தனேஷைப் பார்த்தார். தனேஷ் பெட்டியை முன்னால் தள்ளினான்.

"அது உங்க போனுக்குச் சேராதுண்ணே. இதுதான் சேரும். வீட்டுல வச்சு மூணு மணி நேரம் தொடக் கூடாது. நடுவுல எடுத்தா பேட்டரி வீங்கிரும். அப்புறம் போனே போயிரும்."

"வீங்குமா? யாரும் சொல்லிக் கேட்டதில்லையே."

தனேஷுக்கு வேர்த்தது. பொய் சொல்வது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை.

"வீங்கும் தம்பி" என்று குறுக்கே புகுந்தார் புஷ்பலதா. "இதே மாதிரி சார்ஜர்தான் எங்க வீட்டுலயும். அவசரப்பட்டு நடுவுல எடுத்தேன், புதுப் போனு வீங்கிப் போச்சு."

கார்த்திகேசு யோசித்தார். பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. "அப்ப நேரா வீட்டுக்குத்தான் போவணும். வா, போலாம்."

அவர் கண்ணில் படுவதற்குள், புஷ்பலதா தம் பட்டன் போனை மெல்லக் கைப்பைக்குள் தள்ளி மூடினார்.